முழுகாமல் இருக்க ஒரு ஜெபம்

என் மகள் கடலுக்கு அடியில் போகப் போகிறேன் என்று சொன்னபோது நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு அரிசி டப்பாவில் சாய்த்து வைத்திருந்தேன். “அம்மா, அடுத்த மாசம் ஒரு உடைஞ்ச கப்பலைப் பாக்கப் போறேன்” என்றாள். ஏதோ மியூசியம் என்று நினைத்துக்கொண்டு, “ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போ, ஏசியைப் போட்டுக் கொன்னுடுவாங்க” என்றேன். “கப்பல் கடலுக்கு அடியில கிடக்குதும்மா. நானும் அங்கதான் போறேன்” என்றாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். மிச்ச பீன்ஸை அன்றைக்கு அவர்தான் நறுக்கினார்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். லிங்கராஜபுரத்தில் நாங்கள் இருவர்தான். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர், அவர் ரிட்டையர் ஆகி வீட்டில். ஒரே மகள். கல்யாணமாகி மாப்பிள்ளையோடு வைட்ஃபீல்டில் இருக்கிறாள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் ஒரு ஃபிளாட். பிறந்து வளர்ந்தது எல்லாம் பெங்களூர். கடல் என்றால் ஸ்கூல் டூரில் மெரினாவில் முழங்கால் வரை நனைந்ததுதான். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் ஒன்று அல்சூர் ஏரி, இல்லாவிட்டால் மழை பெய்த மறுநாள் வைட்ஃபீல்ட் ரோடு.

அவள் வேலை பார்க்கும் கம்பெனி கருவிகளுக்குள் ஓடும் ப்ரோக்ராம் எழுதித் தருகிறது. அதில் ஒரு கஸ்டமர் மத்தியதரைக் கடலில் ஒரு தீவில் இருக்கிறான். சின்னதாக ஒரு நீர்மூழ்கிக் கலம் வைத்திருக்கிறான், உள்ளே ஓட்டுகிறவரையும் சேர்த்து மூன்று பேர் உட்காரலாம். ஆசைப்பட்டு வருகிறவர்களை அதில் ஏற்றிக்கொண்டு போய், அந்தக் காலத்தில் முழுகிப்போன கப்பல்களைக் காட்டிவிட்டு வருவது அவன் தொழில். கலத்தின் காற்று, அழுத்தம், பேட்டரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்து, ஏதாவது கோளாறு என்றால் கத்துகிற ப்ரோக்ராமை எழுதியது என் மகள். “நீ எழுதினது எப்படி வேலை செய்யுதுன்னு வந்து பாரு, ஒரு சீட் காலியா இருக்கு” என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

“காலியா இருந்தா காலியாவே இருக்கட்டுமேடீ! சிட்டி பஸ்ஸா அது, கர்சீப் போட்டு இடம் பிடிக்க?” என்று கத்தினேன்.

சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது யாருக்கு மறக்கும்? உலகத்துக்கே தெரிந்த ஒரு பெரிய கப்பலின் மிச்சத்தைப் பார்க்கப் போன சின்னக் கலம் ஒன்று, ஐந்து பேரோடு திரும்பி வராமலே போயிற்று. டிவியில் உயிர்க்காற்று இன்னும் எவ்வளவு நேரம் என்று ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரோ எவரோ, அவர்களுக்கே அப்படிப் பதறினேன், பெற்ற மகளுக்கு எப்படிப் பதறாமல் இருப்பேன்? இதை அவளிடம் நேராகவே சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னாள். “அம்மா, அது பரீட்சையே எழுதாம நானே பாஸுன்னு சொல்லிக்கிட்ட மாதிரி. வெளியாள் யாரும் சோதிச்சு சர்டிபிகேட் கொடுக்கல. இதை வருஷா வருஷம் வெளியிலேருந்து ஆள் வந்து சோதிக்கறாங்க. ஒரு தடவை ஃபெயில் ஆனா தண்ணியில இறக்கவே விடமாட்டாங்க. அதுவும் இல்லாம அது போன ஆழம் வேற, இது போற ஆழம் வேற. நாங்க அறுநூறு மீட்டர்தான்.”

“அறுநூறு மீட்டர்தான்! ‘தான்’ எங்கடீ வருது இதுல? அங்க எவ்வளவு அழுத்தும்?”

“உன் கட்டைவிரல் நகம் இருக்குல்ல, அந்த அளவு இடத்துல நீ ஏறி நின்னா எவ்வளவு அழுத்துமோ, அவ்வளவு. ஒவ்வொரு நகம் அளவுக்கும் ஒரு அம்மா.”

“என் வெயிட்டை எதுக்குடீ இழுக்கற?”

பக்கத்தில் அவர் சிரித்துவிட்டார். முறைத்தேன். அவர் பீன்ஸைப் பார்த்துக்கொண்டார்.

கரண்ட் போனால் என்ன செய்வாய் என்றேன். அடியில் கட்டியிருக்கிற எடையைக் கழற்றி விட்டால் தக்கை மாதிரி தானாக மேலே வந்துவிடும் என்றாள். காற்று? போய்வர மூன்று மணி நேரம், ஆனால் நாலைந்து நாளைக்குத் தாங்குகிற அளவு உள்ளே இருக்கும் என்றாள். எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தாள், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கடைசியில், “நீ போகாம இருந்தா என்ன குறைஞ்சிடும்?” என்று கேட்டேன். அதற்கு மட்டும் அவள் பேச்சை மாற்றினாள். “யார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியாதம்மா, எல்லாரும் போன் பண்ணிப் பயமுறுத்துவாங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

சொல்லாமல் இருக்கலாம். ஆனால் ஜெபத்துக்குக்கூடச் சொல்லாமல் எப்படி இருப்பது?

எங்கள் தெருப் பக்கத்துப் பெண்கள் வாரம் ஒரு நாள் சாயங்காலம் யார் வீட்டிலாவது கூடி ஜெபிப்போம். ஒவ்வொருவரும் தங்கள் விண்ணப்பத்தைச் சொல்வார்கள், கூட்டத்தை நடத்துகிற அக்கா எல்லாவற்றையும் எடுத்து உரக்க ஜெபிப்பார். அக்காவின் குரல் தெருமுனைவரை கேட்கும், மைக் தேவையே இல்லை. அங்கே எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பேச்சில் என் வாயிலும் ஆயிரம் இங்கிலீஷ் வரும், பஸ்ஸும் லீவும் இல்லாமல் பெங்களூரில் யாராலும் பேச முடியாது. ஆனால் ஜெபம் என்று வந்துவிட்டால் தமிழ்தான். டைவ், சப்மரீன் என்றெல்லாம் கர்த்தரிடம் பேச எனக்கு வாய் வராது. அதனால் என் முறை வந்ததும், விவரம் எதையும் வெளியில் விடாமல், சுருக்கமாக, நல்ல தமிழில் சொன்னேன்.

“என் பொண்ணு முழுகாம இருக்கணும். அதுக்காக எல்லாரும் ஜெபம் பண்ணிக்கங்க.”

மூலையில் ஒருவர் “ஸ்தோத்திரம்” என்றார். பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்து அழுத்தினார், அவர் கண் கலங்கியிருந்தது. என்ன நல்ல ஜனங்கள், விவரம் கேட்காமலே உருகுகிறார்களே என்று நெகிழ்ந்துபோனேன்.

அக்கா ஆரம்பித்தார். “ஆண்டவரே, இந்தத் தாயோட ஏக்கத்தைப் பாருங்க. அந்தக் கர்ப்பத்தை ஆசீர்வதியுங்க.” கர்ப்பம் இதில் எங்கே வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு, கலம் உருண்டையாக இருக்கும், உள்ளே சுருண்டுதான் உட்கார வேண்டும் என்று மகள் சொன்னது நினைவுக்கு வந்தது. அக்கா எவ்வளவு அழகாக உவமை போடுகிறார் என்று வியந்து ஆமென் என்றேன். நான் கடல் என்ற வார்த்தையையே சொல்லவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. “எந்தச் சிக்கலும் இல்லாம, குறிச்ச நேரத்துல, சுகமா வெளிய வரணும் ஆண்டவரே!” ஆமென். “தலை முதல்ல வரணும்!” கலத்துக்கு மூடி மேலே இருக்கிறது, தலைதான் முதலில் வரும். “ஆமென்!” என்று நான் போட்ட சத்தத்தில் குழந்தை ஒன்று விழித்துக்கொண்டு அழுதது.

மறுநாள் காலையில் பால் வாங்கப் போனேன். கீழ் வீட்டுக் கன்னடக்கார அம்மா வாயெல்லாம் பல்லாக, “சிஹி எல்லி மேடம்?” என்றார். இனிப்பு எங்கே என்கிறார். எதற்கு இனிப்பு என்று நான் கேட்டதற்கு, “ஐயோ, நமகெல்லா கொத்து” என்று கண்ணடித்தார், எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கதவுக் கைப்பிடியில் ஒரு பேரீச்சம்பழப் பொட்டலம் தொங்கியது. கூட்டத்து அக்காவே நேரில் வந்து, வைட்ஃபீல்ட் ரோட்டில் குழி அதிகம், ஆட்டோவில் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கடலுக்கடியில் போகிறவளுக்கு ஆட்டோ குழி ஒரு கேடா என்று நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் சம்பந்தியம்மாவிடமிருந்து போன். மாப்பிள்ளையின் அம்மா, மர்பி டவுனில் இருக்கிறார். அவர்கள் கத்தோலிக்கர், நாங்கள் ப்ராட்டஸ்டண்ட். கல்யாணத்தில் எந்தக் கோயில் என்று கொஞ்சம் இழுபறி நடந்ததோடு சரி, மற்றபடி எங்களுக்குள் நல்ல ஒட்டுதல். ஆனால் அன்றைக்கு அவர் குரலே சரியில்லை.

“இன்னா சம்பந்தி, நாங்க அவ்ளோ வேண்டாதவங்களா பூட்டமா? ஊருக்கெல்லாம் சொல்லிட்டு எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லல பாத்தீங்களா?”

“என்ன சொல்லல?”

“மருமக முழுகாம இருக்கான்னு!”

இருக்கணும் என்று நான் சொன்னது காக்ஸ் டவுன் தாண்டுவதற்குள் இருக்கா என்று ஆகிவிட்டிருந்தது. அப்போதுதான் எனக்கு மண்டையில் அடித்த மாதிரி விளங்கியது. ஊர் உலகத்தில் எந்தத் தமிழச்சிக்கும் முழுகாமல் இருக்கிறாள் என்றால் ஒரே அர்த்தம்தான், உண்டாகியிருக்கிறாள். அது தெரியாதவளா நான்? எத்தனை வருடமாக மரபுத்தொடர் பாடம் நடத்துகிறேன்! எழுத்துத் தமிழில் மூழ்காமல் என்று சொல்லியிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். கடல் பயத்தில் வாய்க்கு வந்தது பேச்சுத் தமிழ்.

சம்பந்தியிடம் உண்மையை உடைத்தேன். “கடலுக்குள்ளயா! ஐயோ மாதாவே!” என்று அவர் போட்ட கூச்சலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. கொஞ்ச நேரம் இருவரும் சேர்ந்து பயந்தோம். பிறகு அவரே மூச்சுவிட்டு, “சரி வுடுங்க. ரெண்டுத்துக்கும் சேத்து நான் நவநாள் ஜெபம் ஆரம்பிச்சிடறேன்” என்றார். அப்படியாக இரண்டு சபைகளும் வேலையில் இறங்கின.

என் வீட்டுக்காரர் இந்தக் கதையைக் கேட்டு நாற்காலியில் இருந்து விழாத குறையாகச் சிரித்தார். “டைவ் பண்ணக்கூடாதுன்னு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுது. தமிழ் வளக்கறேன்னு கிளம்பி இப்ப பேரனையே வளத்துட்டு வந்திருக்க” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த விஷயத்தை நான் மகளிடம் வாய் தவறிக்கூடக் கேட்டதில்லை. விசேஷம் உண்டா என்று ஊர் கேட்கும்போதெல்லாம் அவள் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். இப்போது பெற்றவளே தம்பட்டம் அடித்துவிட்டேன்.

அன்று ராத்திரியே அவளுக்கு போன் போட்டேன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவள் சத்தமே போடவில்லை. செத்தேன் என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, சிரிப்பில் அவளுக்குக் குரல் வரவில்லை. “தலை முதல்ல வரணும்னாங்களா! நீ ஆமென் வேற சொன்னியா!” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்தபின், “இப்போதைக்கு வேணாம்னுதாம்மா இருக்கோம். எப்பவுமே வேணாம்னு இல்ல. அந்த ஜெபம் அப்படியே இருக்கட்டும், வாபஸ் வாங்காத” என்றாள். எனக்கு நெஞ்சில் இருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. இன்னொன்று அப்படியே உட்கார்ந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை பையப்பனஹள்ளியில் மெட்ரோ ஏறி அவள் வீட்டுக்குப் போனேன், கடைசியாக ஒரு தடவை நேரில் சண்டை போடலாம் என்று. அவள் காபி கொடுத்து, லேப்டாப்பைத் திறந்து, “முதல்ல இதைப் பாரு, அப்புறம் திட்டு” என்றாள்.

முன்பு போனவர்கள் எடுத்த வீடியோ. முதலில் நீலம், பிறகு கருநீலம், பிறகு ஒன்றுமே இல்லை. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று வாயைத் திறந்தேன். விளக்கைப் போட்டார்கள். இருட்டுக்குள்ளிருந்து ஒரு கப்பலின் மூக்கு வந்தது. எத்தனையோ வருடமாக யாரும் தொடாத கைப்பிடிக் கம்பி. படிக்கட்டு. சாய்ந்து கிடக்கும் அலமாரி ஒன்றில் அடுக்கிவைத்தபடியே தட்டுகள், ஒன்றுகூட உடையவில்லை. கப்பலே உடைந்து முழுகியிருக்கிறது, தட்டுகள் முழுசாக இருக்கின்றன! யாரோ ஒருத்தி கழுவித் துடைத்து வைத்தது. ஜன்னல் ஓட்டையிலிருந்து ஒரு மீன் எட்டிப் பார்த்தது, வாடகைக்கு இருப்பவர் போல.

“திருப்பிப் போடு” என்றேன்.

மூன்றாவது தடவை பார்க்கும்போது அவள் மெல்லச் சொன்னாள். “அன்னிக்குக் கேட்டியே, போகாம இருந்தா என்ன குறையும்னு. எனக்கு அது வெறும் நம்பர்மா. அழுத்தம் இவ்வளவு, பேட்டரி இவ்வளவு, அவ்வளவுதான் வருஷக்கணக்கா பாத்துட்டிருக்கேன். அந்த நம்பருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு ஒரே ஒரு தடவை கண்ணால பாக்கணும்.” சின்ன வயதில் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு நின்ற முகம் அது. அதைப் பார்த்தபின் எப்படிச் சண்டை போடுவது?

“அந்தக் கத்தற சத்தத்தையாவது போட்டுக் காட்டு. கேக்கற மாதிரி கத்துதான்னு பாக்கறேன்” என்றேன். அவள் கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. ஒரு பட்டனைத் தட்டினாள். மூன்று குட்டி ஒலிகள், ஒவ்வொன்றும் முன்னதைவிட மேலே ஏறி. மறுபடி மூன்று. எங்கோ கேட்ட மாதிரி இருந்தது.

“தெரியலயா? எ-ழுந்-திரு. எ-ழுந்-திரு. ஸ்கூல் நாள்ல நீ என்னை எழுப்பற ராகம்மா. எந்தச் சத்தம் வச்சா ஆளுங்க யோசிக்காம உடனே எழுந்திருப்பாங்கன்னு ஆபீஸ்ல பேச்சு வந்துது. எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான்.”

நான் சமையலறைக்குப் போய்ச் சும்மாவே குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டேன்.

மாசம் திரும்பியதும் அவள் அந்தத் தீவுக்குப் போனாள். அவள் கடலில் இறங்க வேண்டிய சனிக்கிழமை நான் வீட்டை மூன்று தடவை பெருக்கினேன். நமக்கு மத்தியானம் ஆனபோது மெசேஜ் வந்தது: “இன்னைக்கு இல்ல. அலை ஜாஸ்தி.” நான் துள்ளிய துள்ளலில் அவர் பயந்துபோனார். கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். கலம் ஓட்டுகிற பைலட் காலையில் கடலைப் பார்த்துவிட்டு, முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாராம். கூட வந்த பெரிய மனிதர் ஒருவர், இவ்வளவு தூரம் வந்து திரும்பிப் போவதா என்று சத்தம் போட்டாராம். பைலட் அதைக் காதில் வாங்காமல் டீ குடிக்கப் போய்விட்டாராம். “நாளைக்கு ஒரு நாள்தாம்மா இருக்கு. அதுவும் இல்லன்னா திரும்ப வேண்டியதுதான்” என்றாள். குரல் கம்மியிருந்தது.

எனக்குள் என்ன ஆனதோ தெரியாது. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த ஒரு ஆள் அங்கே இருக்கிறார் என்பது, அவள் சொன்ன எல்லா விளக்கத்தையும்விட என் வயிற்றைக் குளிரவைத்தது. அந்தக் கம்மிய குரலோ என்னைப் பிடுங்கித் தின்றது. “நாளைக்குப் போயிடுவ பாரு. கடல் அடங்கிடும்” என்று சொன்னது நான்தான். மறுமுனையில் அவளுக்கு நம்பிக்கையே வரவில்லை, “அம்மா, நீதானே பேசற?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்தால், வாசலில் சம்பந்தியம்மா ஒரு பெரிய டிபன் கேரியரில் பிரியாணியோடு நிற்கிறார், கூடவே மாப்பிள்ளை. தனியாக இருந்து பயப்படுவதற்குச் சேர்ந்தே பயப்படலாம் என்று வந்தார்களாம். சாப்பிட உட்கார்ந்தோம். கலம் இறங்குமா இறங்காதா என்று இன்னும் தகவல் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கையில் சோற்றோடு கண்ணை மூடி, “ஆண்டவரே, என் பொண்ணு இன்னிக்கு எப்படியாவது முழுக...” என்று ஆரம்பித்தேன்.

“ஐயையோ சம்பந்தி! வாயைக் கழுவுங்க!” சம்பந்தியம்மா பாய்ந்து என் வாயைப் பொத்தினார். “முழுகணும்னா கேப்பீங்க? அங்க நான் நவநாள் வச்சிக்கினு இருக்கேன், நீங்க இங்க கேன்சல் பண்றீங்களா?”

அவர் சொல்வதும் நியாயம்தான். தமிழில் எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது. முழுகட்டும் என்றால் அது போச்சு, முழுகாமல் இருக்கட்டும் என்றால் இது போச்சு. மாப்பிள்ளை சிரிப்பை அடக்கமுடியாமல் தண்ணீர் குடிக்கிற மாதிரி நடித்தார். வேறு வழியில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு தமிழ் டீச்சர் கர்த்தரிடம், “லார்ட், ப்ளீஸ். சேஃப் டைவ்” என்றாள். என் வீட்டுக்காரர் ரொம்ப பக்தியாக ஆமென் சொன்னார்.

அது மேலே போய்ச் சேர்ந்தது. கடல்மேல் காத்திருக்கும் படகிலிருந்து மாப்பிள்ளையின் போனுக்கு மெசேஜ் வந்தது: இறங்கிவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: கப்பலை அடைந்துவிட்டார்கள், எல்லாரும் நலம், கீழே இருந்து பேசினார்கள். அதன்பிறகு ஒன்றும் இல்லை. பிரியாணி ஆறியது. சம்பந்தியம்மா ஜெபமாலையை உருட்டினார், நான் சேலைத் தலைப்பை உருட்டினேன். என் வீட்டுக்காரர் சுவரில் இருந்த உலகப் படத்தின் முன்னால் போய் நின்றுகொண்டார், அங்கே நின்றால் மகள் தெரிவாள் என்பது போல. தைரியசாலி என்று நினைத்திருந்தேன், முதுகைப் பார்த்தால் மூச்சே விடவில்லை.

பிறகு வீடியோ கால். தலை கலைந்து, முகமெல்லாம் சிவந்து, பின்னால் வெயிலும் கடலும்.

“அம்மா! வந்துட்டேன்! தலைதான் முதல்ல வந்துது!”

எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினோம். சம்பந்தியம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், நானும் அழுதேன், எதற்கு இப்போது அழுகை என்று இருவருக்குமே தெரியவில்லை. தட்டுகள் அப்படியே இருக்கின்றன என்றாள். வாடகைக்கார மீன் வீட்டில் இல்லை, வெளியே போயிருந்தது என்றாள். விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தபோது, கண்ணாடிக்கு வெளியே மின்மினி போல எதெதுவோ தானாக மினுக்கியதாம். அதை இரண்டு தடவை சொன்னாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. அதைப் பார்க்க எனக்கும் அப்படி ஒரு சந்தோஷம்.

“அப்புறம் ஒரு விஷயம். பேட்டரி கொஞ்சம் சூடாச்சு. பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா நீ கத்தினம்மா. அங்க, அந்த இருட்டுல, எழுந்திரு எழுந்திருன்னு. பைலட் உடனே மேல கிளப்பிட்டார். இன்னும் பத்து நிமிஷம் இருந்திருக்கலாம்.”

“அதென்ன பத்து நிமிஷம்! கூப்பிட்டா உடனே வரணும்” என்றேன்.

வந்தவள் கையோடு ஒரு சபதமும் கொண்டுவந்தாள், அடுத்த வருடம் இதைவிட ஆழத்தில் இன்னொரு கப்பல் இருக்கிறதாம், கட்டாயம் போகவேண்டுமாம். நான் இந்தத் தடவை சண்டை போடவில்லை. சோதனை செய்த சர்டிபிகேட் உண்டா, அதே பைலட்டா என்று மட்டும் கேட்டேன். என் ஸ்டாஃப் ரூமில் நீர்மூழ்கி பற்றி யார் வாய் திறந்தாலும் இப்போது நான்தான் பதில் சொல்கிறேன். கட்டைவிரல் நகத்தைக் காட்டிக் காட்டி எல்லாரையும் ஒரு வழி பண்ணிவிட்டேன். கூட்டத்து அக்காவுக்கும் விவரத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் அசரவே இல்லை. “கேட்டது கேட்டதுதான். நாங்க நிறுத்தல” என்றார்.

அடுத்த பயணத்துக்கு நாள் நெருங்கியது. ஒரு நாள் காலை, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மகள் போன். அந்த நேரத்தில் அவள் கூப்பிட மாட்டாள்.

“அம்மா, நான் முழுகாம இருக்கேன்.”

அப்பாடா என்று இருந்தது. இருந்தாலும் அவள் மனசு கஷ்டப்படக் கூடாதே என்று, “பரவால்ல விடுடீ. எதுக்கு வேணாம்னாங்க, அலை ஜாஸ்தியா? இல்ல, சர்டிபிகேட் வரலயா?” என்று கேட்டேன்.

மறுமுனையில் தூரத்தில் மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

“அம்மா” என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத குரல். “நீ தமிழ் டீச்சர்தானே?”

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், தமிழும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை. போனைப் பிடித்தபடியே எழுந்து ஹாலுக்குப் போனேன். அவர் பேப்பருக்குப் பின்னால் இருந்தார்.

“உங்க பொண்ணு முழுகாம இருக்கா” என்றேன்.

“நல்லதாப் போச்சு. கடல் எங்கயும் ஓடிடாது, அடுத்த வருஷம் போய்க்கலாம்னு சொல்லு” என்றார், பேப்பரை இறக்காமல்.

“இல்லீங்க” என்றேன். “தமிழ்ல.”